கைதட்டலுக்கு விட்ட இடம்

நாடகம் பாதியைத் தாண்டிருச்சு, இன்னும் ஒண்ணும் ஆகலை, ஒண்ணும் ஆகலைங்கிறதே கோகிலத்துக்குப் பயமா இருந்துச்சு. கன்ட்ரோல் ரூம்ல ஏசி பல்லைக் கிட்ட வைக்கும், அது மெஷினுக்குப் போட்ட ஏசி, மனுஷங்களுக்குப் போட்டதில்லை, வெளியே மெட்ராஸ் வெயில்ல தார் உருகி ஓடும், உள்ளே இவங்க ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு ஊட்டிக்கு வந்த கல்யாணக் கோஷ்டி மாதிரி உக்காந்திருப்பாங்க. அந்தக் குளிர்லயும் அவ உள்ளங்கை ரெண்டும் ஈரம். முன்னாடி மூணு டி.வி. பெட்டி, மூணு கேமரா பாக்கிறது அதுல தெரியும். கைக்குக் கீழே மூணு பொத்தான். எதை அமுக்குறாளோ அந்தக் கேமரா பாக்கிறதைத்தான் ஊர் பாக்கும். ஓரத்துல சிவப்பா இன்னொரு பொத்தான். அதை அமுக்கினா நாடகம் காணாமப் போயி, பூச்சாடிப் படம் போட்டு 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'னு ஒரு அட்டை வந்து நிக்கும். கரண்ட் போனா, ஒயர் அறுந்தா அமுக்கறதுக்குன்னு வெச்சது. இன்னிக்கு வேற ஒண்ணுக்கு அமுக்க வேண்டி வரலாம். வரக்கூடாது. வந்துட்டா? இடது கை அது மேலயே நின்னுச்சு, சூடேறிடுச்சான்னு தோசைக்கல்லுக்கு மேல கையை வெச்சுப் பாப்போமே, அந்த மாதிரி. அப்பல்லாம் நாடகத்தைப் பிடிச்சு வெச்சு, தப்பை வெட்டி ஒட்டி, சாவகாசமாப் போடறதெல்லாம் அந்த டி.வி. நிலையத்துல கிடையாது, ஸ்டூடியோவுல ஒருத்தர் தும்மினா அதே நொடியில மாம்பலத்துல ஒரு வீட்டுக் கூடத்துல கேக்கும். "ஒண்ணு. மூணு. ஒண்ணு," அவ சொல்லிக்கிட்டே அமுக்கினா. முதுகுக்குப் பின்னால கிராம்பு வாசனை. அது சிவசைலம், தணிக்கை ஆபீஸர். எமர்ஜென்ஸி வந்து, பேப்பர்ல செய்தி இருக்க வேண்டிய இடம் கட்டங்கட்டமா வெள்ளையா வர ஆரம்பிச்சப்புறம் நிலையத்துக்கு வந்து சேந்தவர். மடியில வசனப் பிரதி, கையில சிவப்புப் பென்சில், வாயில கிராம்பு. நடிக்கிறவங்க ஒரு வரி சொன்னா அதுக்குப் பக்கத்துல ஒரு டிக். அந்தப் பென்சில் உரசுற சத்தம் அவ பிடரியில கேட்டுக்கிட்டே இருந்துச்சு, எலி பலகையைச் சுரண்டுற மாதிரி.

ஒரே ஒரு வரிதான் பயம். மீதி நாடகத்துல எவன் என்ன உளறினாலும் கவலையில்லை. வரி இதுதான், 'வாயை மூடச் சொன்னீங்க, மூடிட்டேன். காதை மூடச் சொன்னீங்க, மூடிட்டேன். கண்ணை மூடச் சொல்லாதீங்க முதலாளி, நான் காவல்காரன்.' ஊரெல்லாம் அரிசிக்கு அல்லாடற நேரத்துல ஒரு மண்டி முதலாளி மூட்டை மூட்டையாப் பதுக்கறான், கிட்டங்கி வாசல்ல உக்காந்திருக்கிற கிழட்டுக் காவல்காரன் அதைப் பாத்துடறான், அவ்வளவுதான் நாடகம். புதுக்கோட்டை துரைக்கண்ணு காவல்காரனா நடிப்பார். வருஷக்கணக்கா அவர் கம்பெனி அதைப் போடாத ஊர் கிடையாது. அந்த வரியைச் சொல்லிட்டு வலது பக்கமா லேசாத் திரும்பி, தோள் துண்டை எடுக்காம, மூச்சுக்கூட விடாம நிப்பார். கைதட்டல்ல கொட்டகை இடியும். இடிஞ்சு அடங்கினப்புறம் துண்டை எடுத்து ஒரு உதறு உதறிட்டு நகருவார். கோகிலம் சின்னப் பொண்ணா இருந்தப்போ திருச்சி பொருட்காட்சியில பாத்திருக்கா, அவ அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டர், இரும்பு பிடிச்ச கை, அவர் கைதட்டினா பக்கத்துல இருக்கிறவங்க காதைப் பொத்திக்குவாங்க. அன்னிக்கு முன் வரிசையில ஒரு அம்மா, பருமனான அம்மா, மடியில முறுக்கு டின்னு, விசேஷத்துக்குச் சுட்டதோ என்னமோ, யாருக்கும் ஒண்ணு குடுக்காம ரெண்டு மணி நேரம் கட்டிப் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க, அந்த வரி வந்ததும் அவங்களும் ரெண்டு கையையும் தூக்கித் தட்டிட்டாங்க, டின்னு கவுந்து முறுக்கெல்லாம் மணல்ல. அப்பவும் குனியலையே, தட்டிக்கிட்டே இருந்தாங்க. முறுக்கை மிதிச்சுக்கிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனாங்க. கோகிலத்துக்கு உள்ளங்கை எரிஞ்சுச்சு. இப்பவும் எரியுது. இல்ல, இது வேர்வை.

அந்த வரியைத்தான் சிவசைலம் அடிச்சார். முதல்ல வரியை இல்ல, ஆளையே அடிச்சார். "அவர் வேண்டாம்மா. மேடையில சொந்தச் சரக்கைச் சேக்கிற ஆள்னு ரிப்போர்ட் இருக்கு. வேற யாரையாவது போடுங்க." இவளுக்கு எங்கேருந்து வந்துச்சோ தைரியம், கொஞ்சம் தைரியம், கொஞ்சம் அந்த முறுக்கு டின்னு, "அவர் இல்லாம இந்த நாடகம் இல்ல சார், நான் பொறுப்பு"ன்னுட்டா. "என்னம்மா பொறுப்பு?" "அவர் அந்த வரியைச் சொன்னா என்னையும் சேத்து அனுப்பிடுங்க." சிவசைலம் கிராம்பை ஒரு கன்னத்துலேருந்து இன்னொரு கன்னத்துக்கு மாத்தினார். "அனுப்பறதுன்னா வீட்டுக்குன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்களா?" மிரட்டற குரல்ல சொல்லலை, அதுதான் பயம், வருத்தமா சொன்னார். "எனக்கும் மேல ஆள் இருக்கும்மா." அப்புறம் அந்த வரியைச் சிவப்பால அடிச்சுட்டு, அதுக்குப் பதிலா அவரே கைப்பட எழுதினார், 'சரிங்க முதலாளி.' எழுதிட்டு கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டிருந்தார். முதல்முதலா எழுதின வசனம் இல்லையா, மனுஷனுக்கு ஒரு இது இருக்கத்தான் செய்யும். ஒத்திகையில துரைக்கண்ணு பிரதியை வாங்கி மூக்குக்கிட்ட வெச்சுப் படிச்சார். "ரொம்ப நாளாச் சொன்ன வரி தாயி, எடுத்தா கடைவாய்ப் பல்லு போன மாதிரி இருக்கும். பரவாயில்ல, பொக்கை வாய்க்காரன் சாப்பிடாமலா இருக்கான்?" அப்புறம் சிவசைலத்தைப் பாத்து ரொம்பப் பணிவா, "ஐயா, வரியை அடிச்சுட்டீங்க. கைதட்டலுக்கு ஒரு இடம் விட்டிருக்கோமே, அதையும் அடிச்சுடட்டுங்களா?" சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. சிவசைலம் சிரிக்கலை, பிரதியைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "பிரதியில இல்லாததை நான் எப்படிங்க அடிக்கிறது?"ன்னார். ஒத்திகையில எல்லாத் தடவையும் துரைக்கண்ணு ஒழுங்கா, 'சரிங்க முதலாளி'ன்னு சொல்லிட்டு நகந்துட்டார். சொல்லிட்டு நகந்துட்டார். அது ஒத்திகை.

மனசு சொல்றதை வாய் கேக்கும், ஆனா பழகின உடம்பு கேக்குமா? அவ சின்னையா ஒருத்தர் இருந்தார், பஸ் கண்டக்டர், ரிட்டையர் ஆகி வீட்டோட வந்தப்புறமும் சின்னம்மா படியேறி உள்ளே வந்துட்டா போதும், தூக்கத்துலகூட, "ரைட், போலாம்" அப்படிம்பார், சாவு வீட்டுல பாடையைத் தூக்கறப்பவும் சொல்லிட்டார், ரெண்டு பங்காளிங்க அதோட பேச்சை நிறுத்திட்டாங்க. வேணும்னா சொன்னார் பாவம்? யாரோ ஏறினாங்க, வாய் சொல்லிருச்சு. துரைக்கண்ணுவுக்கும் அப்படி வந்துட்டா? முதலாளியா நடிக்கிற பையன் 'வாயை மூடு'ன்னு சொன்னதும், அங்கே ஒரு கதவு திறக்கும், அதுக்குள்ளே அந்த வரி எப்பவும் உக்காந்திருக்கு, தானா எழுந்து வந்துட்டா? வரியோட முதல் ரெண்டு எழுத்து கேட்டதும் சிவப்பை அமுக்கணும். 'வாயை'ங்கிறதுல 'வா' வந்ததுமே. ஆனா 'வாங்க முதலாளி'ன்னு வேற எதுக்காவது 'வா'ன்னு ஆரம்பிச்சார்னா? தப்பா அமுக்கிட்டா அதுவும் குத்தம், ஏன் நிறுத்தினே, எதை மறைக்க நிறுத்தினேன்னு கேப்பாங்க. "ரெண்டு. மூணு. ரெண்டு." விரல் தந்தி அடிச்சுச்சு. ஒரு முகத்துல அவ நிக்கிறதே இல்லை, அதனால கேமராக்காரங்க முதுகுக்குப் பின்னாடி அவளுக்கு வெட்டுக்கிளின்னு பேர் வெச்சிருந்தாங்க, அது அவளுக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும்னு அவங்களுக்கும் தெரியும்.

அந்த வெட்டு ப்ரென்னர்கிட்டேருந்து வந்தது. நிலையம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இவளைப் பயிற்சிக்குப் பூனா அனுப்பினாங்களே, அங்கே சொல்லிக் குடுக்க வந்த அமெரிக்காக்காரர். ஒட்டடைக்குச்சி மாதிரி உசரம், எப்பவும் கோட்டு, எந்த ரூமுக்குள்ளே போனாலும் முதல்ல டெலிஃபோன் எங்கே இருக்குன்னு பாத்துட்டு அதுக்கு ரொம்பத் தள்ளி உக்காருவார். மணி அடிச்சா கையில இருக்கிற டீ தளும்பும். பசங்க அதை நடிச்சுக் காட்டிச் சிரிப்பாங்க, இவளும் சிரிச்சிருக்கா. 'ஒரு முகத்துல மூணு எண்றதுக்கு மேல நிக்காதே'ம்பார், 'சிக்கல் வந்தா கேட்டுக்கிட்டிருக்கிறவன் முகத்துக்குப் போ'ம்பார், எல்லாரும் எழுதிக்கிட்டாங்க. மீதிக் கதையை அவர் சொல்லலை, அவர் பெண்டாட்டி ரூத்தம்மா சொன்னாங்க. அந்தம்மாவுக்கு ரசம் வைக்கக் கத்துக்கணும்னு ஆசை, புளியைக் கொட்டையோட நார் நாரா அப்படியே கொதிக்க விட்டு, 'இதுதானே கோகி?'ன்னு பெருமையாக் காட்டுவாங்க, கடைசி வரைக்கும் பெருங்காயத்தைக் கண்டா மூக்கைப் பொத்திக்குவாங்க. ஒரு நாள் இவ புளி கரைச்சுக்கிட்டே, சார் ஏன் ஃபோனுக்குப் பயப்படறார்னு கேட்டுட்டா. அந்தம்மா கரண்டியைக் கீழே வெச்சுட்டாங்க. நியூயார்க்ல டி.வி. புதுசா வந்த காலத்துல வாராவாரம் செவ்வாய்க்கிழமை சாயந்தரம் ஒரு நாடகம், இதே மாதிரி நேரா, ஒரு சோப்புக் கம்பெனி செலவுல. ப்ரென்னர்தான் டைரக்டர். செவ்வாய்க்கிழமைன்னா தெருவுல ஆள் இருக்காதாம், அவர் ஹோட்டலுக்குப் போனா எழுந்து நிப்பாங்களாம். அந்த ஊர்லயும் ஒரு காலம் வந்துச்சு, இன்னார் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், இன்னார் கூட்டத்துக்குப் போனார்னு பேரெழுதி வெச்சு வேலையைப் பறிக்கிற காலம். டேனின்னு ஒரு நடிகன், ப்ரென்னரோட கூட்டாளி, ஒரே ரூம்ல இருந்து ஒரே கோட்டை மாத்தி மாத்திப் போட்டவங்க. நாடகம் நடந்துக்கிட்டே இருக்கு, கன்ட்ரோல் ரூம்ல ஃபோன் அடிக்குது. சோப்புக் கம்பெனிக்காரன். 'அவன் மூஞ்சி எங்க நாடகத்துல தெரியக் கூடாது.' அப்பத்தான் டேனி பெரிய வசனத்தை ஆரம்பிக்கிறான். நிறுத்தவும் முடியாது, மாத்தவும் முடியாது. ப்ரென்னர் என்ன பண்ணினார், கேக்கிறவன் முகத்துக்குப் போனார், கிழவி முகத்துக்குப் போனார், அடுப்புக்குப் போனார், விளக்குக்குப் போனார், நாய்க்குப் போனார், டேனி பேசி முடிக்கிற வரைக்கும் டேனியைத் தவிர வீட்டுல இருந்த எல்லாத்தையும் காட்டிட்டார். கேமராவுல சிவப்பு லைட் எரிஞ்சாத்தானே நம்மளைக் காட்டறாங்கன்னு நடிகனுக்குத் தெரியும்? அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் லைட் இல்லையாம். அப்பவும் ஒரு வார்த்தை விடாமப் பேசினானாம். மறுநாள் பத்திரிகையில, என்ன வேகம், என்ன புதுமைன்னு ப்ரென்னரை ஒரே புகழ்ச்சி. அதுலேருந்து அந்த மனுஷனால ஒரு முகத்துல மூணுக்கு மேல நிக்க முடியலை. அது பாணின்னு சின்னப் பசங்க காப்பி அடிச்சாங்க. "பாணி இல்ல கோகி, உதறல்"னாங்க ரூத்தம்மா. அவ்வளவு பண்ணியும் ரெண்டு வருஷத்துல அவர் பேரும் எழுதப்பட்டுச்சு, செவ்வாய்க்கிழமை போச்சு, மச்சான் பேர்ல பல்பொடி விளம்பரம் எடுத்தார், அப்புறம் லண்டன், அப்புறம் பூனா, அப்புறம் புளிக் கொட்டை ரசம். உதறலைத்தான் இவ நோட்டுல எழுதி மனப்பாடம் பண்ணி மெட்ராஸுக்கு எடுத்துக்கிட்டு வந்தா. "ஒண்ணு. ரெண்டு. மூணு."

காலையில தணிகாசலம் சொன்னார். அவ வீட்டுக்காரர், கணக்கு வாத்தியார், அதிகம் பேசாத ஆளு, சட்டைக்குப் பொத்தான் தைச்சுக்கிட்டே, "உடம்பு சரியில்லைன்னு இன்னிக்கு ஒரு நாள் லீவு போட்டுடேன்"னார். "நான் போகலைன்னா யார் போடறது நாடகத்தை?" "யாரோ போடறான். இல்ல, அந்தப் பூச்சாடியைப் போடட்டும். எங்கம்மாவுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்ச நிகழ்ச்சி." சிரிச்சுக்கிட்டே சொன்னார், ஊசி கையில குத்தி ரத்தம் வந்துச்சு. வாசலுக்கு வந்தா எதிர்வீட்டுப் படியில அந்தச் செருப்பு. காலேஜ் புரொபசர் கண்ணபிரானோடது. ஒரு விடியக்காலையில ஜீப்பு வந்து லுங்கியோட கூட்டிக்கிட்டுப் போனாங்க, செருப்பு போட விடலை, எங்கேன்னு இன்னும் தெரியலை. அவர் சம்சாரம் அதை உள்ளே எடுத்து வைக்கிறதும் இல்லை, நகத்தறதும் இல்லை, சுத்திப் பெருக்கி, சுத்திக் கோலம் போடறாங்க. மழை பெஞ்சு வார் சுருண்டு போச்சு. கோகிலம் தினம் அதைப் பாக்காம நடக்கணும்னு நெனச்சு நெனச்சு, பாத்துக்கிட்டேதான் நடக்கிறா. இப்போ அவ செருப்பு? தூசி ஆகாதுன்னு எல்லாரும் வெளியே கழட்டிட்டுத்தான் கன்ட்ரோல் ரூமுக்குள்ளே வரணும். கதவுக்கு அந்தப் பக்கம் கிடக்கு, இடது வார்ல ஊக்கு குத்தினது. இங்கேருந்தே கூட்டிக்கிட்டுப் போனா அதுவும் அங்கேயே கிடக்கும். வாட்ச்மேன் நகத்துவாரா, நகத்த மாட்டாரா?

ஸ்டூடியோவுல மண்டி முதலாளி வந்தாச்சு. வெள்ளை வேட்டி, மோதிரம், அடுத்த பக்கத்துல அந்த இடம். காகிதம் திரும்பற சத்தம் பின்னால கேட்டுச்சு, கிராம்பு கடிபட்டுச்சு. அவ தலைக்குள்ளே அந்த வரி சுத்த ஆரம்பிச்சுருச்சு, வாயை மூடச் சொன்னீங்க மூடிட்டேன், காதை மூடச் சொன்னீங்க மூடிட்டேன், துரத்தத் துரத்த வர்ற ஈ மாதிரி உதட்டு மேல வந்து உக்காந்துச்சு. அவர் சொல்லாம, நாமளே சொல்லிடுவோமோ? வாய்க்கு முன்னாடி மைக், கேமராக்காரங்க காதுல எல்லாம் அவ குரல். "மூணு, தயாரா இரு. ரெண்டு, கண்ணை மூடச் சொல்லா..." வந்துருச்சு. வந்தே வந்துருச்சு. ஹெட்ஃபோன்ல இன்னாசி, ரெண்டாம் கேமரா, ராயபுரத்து ஆளு, "இன்னா மேடம்? கண்ண மூடினா நான் எப்டி ஃபோகஸ் பண்றது?" முதுகுக்குப் பின்னால பென்சில் நின்னுச்சு. "என்னம்மா சொன்னீங்க?" "கண்ணு எரியுது சார். ஏசி. கண்ணை மூட முடியலைன்னேன்." "ம்." அப்புறம் பென்சில் மறுபடி உரசுச்சு. வெறுங்காலுக்குக் கீழே தரை சில்லுன்னு இருந்துச்சு. "இன்னாசி." "சொல்லு மேடம்." "பெரியவர் முகத்துக்கு வா." "வந்துட்டேன். ஆனா நீதான் ஒரு எடத்துல நிக்க மாட்டியே மேடம், தும்மறதுக்குள்ள மூணாம் நம்பருக்குப் பூடுவே." "பேசாதே."

"வாயை மூடு"ன்னான் முதலாளி. பொத்தான் ஒண்ணு. "காதை மூடு." பொத்தான் மூணு. "நீ ஒண்ணும் பாக்கலை, தெரியுதா?" பொத்தான் ரெண்டு. துரைக்கண்ணு முகம் பெட்டி நிறைய வந்துச்சு, வெள்ளைத் தாடி, பவுடர் மேல வேர்வை. இடது விரல் சிவப்பைத் தொட்டுருச்சு. இதோ, இப்போ, 'வா' வரும். உதடு அசைஞ்சுச்சு. பிரியலை. ரெண்டு உதடும் சேந்து, அழுந்தி, கோடாப் போச்சு. வலது பக்கமா லேசாத் திரும்பினார். துண்டைத் தொடலை. மூச்சும் விடலை. ஒண்ணு, எண்ணினா. ரெண்டு. மூணு. போகணும். முதலாளி முகத்துக்குப் போகணும், கேட்டுக்கிட்டிருக்கிறவன் முகம், எங்கேயாவது, அரிசி மூட்டைக்கு, அரிக்கேன் விளக்குக்கு. வலது விரல் மூணாவது பொத்தான் மேல போயி நின்னுச்சு. பெட்டியில கிழவர் கண்ணு ரெண்டும் திறந்திருந்துச்சு. ஸ்டூடியோ லைட் முழுக்க அதுல விழுது, சிமிட்டலை, ஓரத்துல தண்ணி கட்டுது, அப்பவும் சிமிட்டலை. வாய் மூடியாச்சு. காது மூடியாச்சு. மறந்துட்டாரா, பழகின உடம்பு தானா நிக்குதா, இல்ல வேணும்னே நிக்கிறாரா, அவளுக்குத் தெரியலை, அது அவருக்கே தெரியுமோ தெரியாதோ. அவருக்குக் கைதட்டல் கேக்குது, அது மட்டும் தெரிஞ்சுச்சு, அடங்கட்டும்னு நிக்கிறார். அவளுக்கும் கேட்டுச்சு. பொன்மலை இரும்புக் கை. மணல்ல முறுக்கு. எந்த வீட்டுக் கூடத்துல யார் யார் உதடு இப்போ அந்த வரியை முணுமுணுக்குதோ, கண்ணபிரான் சம்சாரம் எந்த வீட்டு ஜன்னல்ல நின்னு பாக்கிறாங்களோ. டேனி எந்தப் பக்கம் திரும்பினாலும் லைட் இல்லையாம். விரல் மூணாவது பொத்தானை விட்டு எழுந்துருச்சு. "இன்னாசி." "மேடம், இன்னும் என் கேமராதான் போயிக்கினு கீதா? லைட் எரியுதே." "நீதான். இன்னும் கிட்டப் போ. கண்ணுக்குப் போ." "மேடம்..." "அப்படியே நில்லு. நகராதே."

"என்னம்மா ஏன் சும்மா நிக்கிறார்? என் வசனம் எங்கே? 'சரிங்க முதலாளி' எங்கே?" நாற்காலி பின்னால தள்ளப்பட்ட சத்தம், கிராம்பு வாசனை காதுக்கிட்ட வந்துருச்சு. "அவர் ஒண்ணும் சொல்லலையே சார்." "சொல்லலைதான்." "பிரதியில இல்லாத ஒரு வார்த்தைகூட வரலை சார்." "வரலைதான், ஆனா..." அவர் பிரதியைப் பாத்தார், பெட்டியைப் பாத்தார், பெட்டி நிறைய அந்தக் கண்ணு அவரையும் பாத்துச்சு. அந்த இடத்தை அவர் கொட்டகையில பாத்ததில்லை, காகிதத்துலதான் படிச்சிருக்கார். இப்போத்தான் பாக்கிறார். புரிஞ்சுருச்சுன்னு அவர் மூச்சுலயே தெரிஞ்சுச்சு. அவ தோளுக்கு மேல அவர் கை நீண்டுச்சு, சிவப்புப் பொத்தானைத் தேடி. கோகிலம் இடது உள்ளங்கையை அந்தப் பொத்தான் மேல குடை மாதிரி கவுத்து வெச்சா. சிவப்பு மறைஞ்சு போச்சு. எண்றதை அவ எப்பவோ விட்டுட்டா.

செவுத்துல டெலிஃபோன் அடிச்சுது.

ரெண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சு. பெட்டியில துரைக்கண்ணு கண்ணுலேருந்து ஒரு சொட்டு இறங்கி தாடிக்குள்ளே போச்சு. அவர் மூச்சு விட்டார். துண்டை எடுத்து ஒரு உதறு உதறினார். "சரிங்க முதலாளி"ன்னார், பிரதியில எழுதியிருந்த மாதிரியே, ஒரு எழுத்துப் பிசகாம, அதைக் கேட்டு முதலாளியா நடிச்ச பையன் உண்மையாவே ஒரு அடி பின்னால போனான். சிவசைலத்தோட பென்சில் அந்த வரிக்குப் பக்கத்துல போயி, டிக் போடாம அப்படியே நின்னுச்சு. ஃபோன் விடாம அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கோகிலத்துக்கு வெளியே கிடக்கிற செருப்பு கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு, ஊக்கு குத்தின இடது வாரு, சுத்தி யாரோ பெருக்கின தடம்.

"எடுங்கம்மா"ன்னார் சிவசைலம். "எடுங்க. யாருன்னு கேளுங்க."

"நீங்களே எடுங்க சார்"னா கோகிலம், பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காம. "எனக்குக் கை ரெண்டும் வேலையா இருக்கு."